முருகைக்கல்லுக்கும் பெருநாள்

எனக்குக் கலியாணம் முடிந்து வந்த முதல் நோன்பு மாதம் அது. எங்கள் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைக்குப் பக்கத்தில். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். என் கணவர் அக்கரைப்பற்றிலிருந்து வரும்போது ஒரு சூட்கேசும் ஒரு பெரிய கண்ணாடித் தொட்டியும் கொண்டுவந்தார். தொட்டிக்குள் உப்புத் தண்ணீர், இரண்டு கோமாளி மீன்கள், உயிருள்ள முருகைக்கற்கள், அதாவது பவளப்பாறைத் துண்டுகள். பண்ணையில் வளர்த்த நகமளவு துண்டுகளைக் கொழும்புக் கடையொன்றில் வாங்கி, வருடக்கணக்காக வளர்த்தெடுத்தவையாம்.

"கடல் கூப்பிடு தூரத்துல இரிக்கக்குள்ள, இவர் என்னத்துக்குப் புள்ள கடல ஹோலுக்குள்ள கொண்டு வந்திரிக்கார்?" என்று என் உம்மா என் காதுக்குள் கேட்டார்.

காதுக்குள் கேட்கக் காரணம் இருந்தது. புது மருமகனோடு மாமி நேருக்கு நேர் கதைப்பது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, "கறி இன்னும் வேணுமா எண்டு கேளு" என்பார். அது அவருக்கு நன்றாகவே கேட்கும். ஆனாலும் நான் கேட்ட பிறகுதான், "போதும் எண்டு சொல்லுங்க" என்பார். நான் அதைத் திரைச்சீலைக்குச் சொல்வேன். மாதக்கணக்கில் இப்படித் தபால்காரி வேலை பார்த்தேன். சிரிப்பாக இருந்தாலும் உள்ளுக்குள் கவலைதான். அவருக்கு இது இன்னும் அடுத்தவர் வீடாகவே இருந்தது. தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்தால்தான் அவர் முகம் தெளியும்.

நோன்பின் கடைசி நாட்களில் அவருடைய உம்மாவுக்குக் கண் ஒப்பரேசன். நாங்கள் அக்கரைப்பற்றுக்குப் போய்ப் பெருநாள் வரை நிற்க வேண்டியதாயிற்று. தொட்டியை யார் பார்ப்பது? முருகை தண்ணீரில் உள்ள கல்சியத்தை எடுத்துத்தான் தன் எலும்பைக் கட்டுகிறதாம். அதனால் நாளும் கல்சியம் குறையும், குறைந்ததை நாளும் நிரப்ப வேண்டும். அதற்கு இரண்டு போத்தல் மருந்து. சிவப்பு மூடி போட்டது கல்சியம், நீல மூடி போட்டது அதற்குத் துணை மருந்து. இரண்டையும் ஒன்றாக ஊற்றவே கூடாது, நடுவில் நேரம் விட வேண்டும் என்று அவர் எனக்கு நீட்டி முழக்கி விளக்கினார். நான் அதைச் சுருக்கி உம்மாவுக்குச் சொன்னேன். விடியுமுன் சாப்பிடும் சஹருக்குச் சிவப்பில் ஒரு மூடி, அந்தியில் நோன்பு திறக்கும்போது நீலத்தில் ஒரு மூடி. இதைவிட லேசாக யார் சொல்லிக்கொடுப்பார் என்று எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

உம்மா ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. பிறை கண்டு பெருநாளும் வந்தது. கணவர் தொழுதுவிட்டு வந்து வட்டிலப்பத்தில் கை வைக்கும் நேரம் என் போன் அடித்தது.

"புள்ள, தொட்டித் தண்ணி நோன்புக் கஞ்சி மாதிரி வெளுத்துப் போச்சு. மீனையும் காணல்ல."

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். பெருநாளில் நோன்பு பிடிப்பது ஹராம். அன்றைக்குச் சஹரும் இல்லை, நோன்பு திறப்பும் இல்லை. ஊரே காலையில் சாப்பிடும்போது அந்தச் சீவன்களை மட்டும் அந்தி மஃரிப் வரைக்கும் காக்க வைக்க உம்மாவுக்கு மனம் வரவில்லை. இரண்டு மருந்தையும் ஒரே கிளாசில் கலந்து, பெருநாள்தானே என்று இரண்டிலும் ஒவ்வொரு மூடி கூட்டியும் விட்டிருக்கிறார்.

"கலக்கக்குள்ள பால் மாதிரி வந்திச்சு. சத்து எண்டு நெனச்சன்" என்று சொல்லும்போது உம்மாவின் குரல் உடைந்துவிட்டது.

எல்லாம் கணவருக்கும் கேட்டிருந்தது. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. இனி அந்த வீட்டுப் படி மிதிப்பாரா என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. நான் வாயெடுக்கும் முன் போனை என் கையிலிருந்து வாங்கினார்.

"மாமி, நான்தான் கதைக்கிறன். பயப்படாதீங்க. இனி ஒண்டும் ஊத்தாதீங்க. உள்ளுக்க மோட்டர் ஓடுதா?"

உம்மா தொட்டியடிக்கு ஓடும் சத்தம் போனுக்குள் கேட்டது.

"ஓம் மகன், ஓடுது."

இருவரும் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். வீதி முழுக்கப் பெருநாள் உடுப்புப் போட்ட பிள்ளைகள். அவசரப்பட்டாலும் வேகமாகப் போக வழியில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் புதுச் சட்டையின் கையைச் சுருட்டிவிட்டுத் தொட்டிக்குள் கையை விட்டார். உப்புக் கலந்து ஆயத்தமாக வைத்திருந்த பீப்பாய்த் தண்ணீரை மாற்றத் தொடங்கினார். "மாமி, அந்த வாளியத் தாங்க", "மாமி, குழாயப் புடிங்க" என்று அவர் சொல்லச் சொல்ல, உம்மா திரைச்சீலையையெல்லாம் மறந்து ஓடி ஓடி எடுத்துக் கொடுத்தார். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை.

பின்னேரம் தண்ணீர் தெளிந்தது. கல் இடுக்கிலிருந்து மீன்கள் இரண்டும் எட்டிப் பார்த்தன. தண்ணீரைச் சோதித்த கணவர், கல்சியம் குறைந்துவிட்டது என்றார்.

"கூட ஊத்தினா எப்படி மகன் குறையும்?" உம்மா நேராகவே கேட்டார்.

"ரெண்டும் ஒண்டாச் சேர்ந்து தூளாப் போச்சு மாமி. தூள அதுகள் திங்காது."

"அப்ப இன்னும் கொஞ்சம் ஊத்துவமா?"

"வேணாம். ஒரேயடியா ஏத்தினா தாங்காது. நாளும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவம். கடலுக்குப் பெருநாள் தெரியாதே மாமி, அதுக்கு எல்லா நாளும் ஒரே நாள்தான்."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காலையிலிருந்து அவர் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. "நீங்களும் இரிங்க மாமி" என்று கணவர் கதிரையை இழுத்துப் போட்டார். உம்மா உட்கார்ந்த கையோடு மருமகனின் பீங்கானில் இறைச்சியை அள்ளி வைக்க, "போதும் மாமி" என்று அவரே வாய்திறந்து சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒரு முருகைக் கிளை மட்டும் வெளுத்துச் செத்துப்போனது. மற்றவை சில நாட்களில் விரிந்தன. இப்போது மருந்து ஊற்றுவது உம்மாதான். கணவர் வேலையால் வந்து செருப்பைக் கழற்றுவதற்குள், "மகன், இண்டைக்குக் கல்சியம் சரியா?" என்று வாசலிலேயே கேட்பார். எனக்குத் தபால் வேலை போய்விட்டது. நாளும் கொஞ்சம் போதும், ஆனால் ஒரு நாளும் விடக்கூடாது என்று கணவர் முருகையைப் பற்றி யாருக்காவது சொல்லும்போதெல்லாம், திரைச்சீலைக்கு இரண்டு பக்கமும் கதையில்லாமல் கழிந்த அந்த மாதங்கள்தான் எனக்கு நினைவுக்கு வரும்.