பெரில் உருட்டிய தொட்டி

எங்கள் தெருவில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே ஆள் பெரில் ஹாக்கடே. பேசிப் பழகித் தெரிந்தவர் என்று எண்ண வேண்டாம். சன்னல் திரையை இரண்டு விரலால் ஒதுக்கிப் பார்த்துத் தெரிந்தவர்.

இங்கிலாந்தின் கிரேவ்ஸெண்டில் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற பெண்மணி. பழைய சுண்ணாம்புக்கல் குவாரிக்குள் அரசு ஆதரவில் ஒரு வளர்ச்சிக் கழகம் புது நகரம் கட்டுகிறது என்றதும், எங்கள் தெருவில் முதலில் முடிந்த வீட்டை வாங்கியவர் அவர்தான். நுழைவாயில் பலகையில் 'தோட்ட நகரம்' என்று எழுதி, ஆப்பிள் மரமெல்லாம் வரைந்திருந்தார்கள். பெரில் எழுத்தை எழுத்தாகவே நம்புகிற ரகம். வந்து பார்த்தால் கொல்லையில் பாய் அகலத்துக்குப் புல். மண்வெட்டியைப் போட்டால் ஒரு சாணுக்குக் கீழே வெள்ளை வெளேரென்று சுண்ணாம்பு. அவரைக்கொடிக்கு நாலு கம்பு நடக்கூட வழியில்லை.

தெருக்கோடியில் மட்டும் ஒரு வெற்றிடம் இருந்தது. தெருக்காரர்கள் விரும்பினால் அதைப் பொதுத் தோட்டமாக்கி, நல்ல மண்ணும் கொட்டித் தருவதாகக் கழகம் சொன்னது. விரும்பாவிட்டால் கார் நிறுத்துமிடம். சனிக்கிழமை காலை ஃபென்விக் என்ற அதிகாரி வருவார். பாதி வீட்டுக்காரர்களாவது அந்த இடத்தில் வந்து நிற்க வேண்டும். கடுதாசி செல்லாது, முகம் தெரிய வேண்டும் என்றார் அவர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பெரில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார். சொல்லாமல் கொள்ளாமல் கதவைத் தட்டினால் இந்த ஊரில் என்ன நடக்கும்? உள்ளே தொலைக்காட்சிச் சத்தம் அடங்கும். ஆட்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நாற்காலியில் உறைந்துபோவார்கள். இருபது வருடம் இந்த நாட்டில் குப்பை கொட்டியதில் எனக்கும் அந்த வித்தை அத்துப்படி. ஆனால் பெரில் என் பக்கத்து வீடு. சமையலறைச் சன்னல் வழியே என்னைப் பார்த்துத் தொலைத்துவிட்டார்.

திறந்த இன்னொரு கதவு கிளைவ் டிரான்டருடையது. அதுவும் பார்சல்காரன் என்று நினைத்துத் திறந்தது. அவருக்கு இரண்டு கார், ஒரு வேன். "தோட்டம் வந்தா என் வண்டிய எங்க நிறுத்துறது? உங்க அவரைக்கொடியிலயா தொங்கவிடுறது?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்த இடத்தில் குப்பைத் தொட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு இரண்டு சக்கரத் தொட்டி; புதன்கிழமை வண்டிக்காக ஒரு வாரம் குப்பைக்கான கறுப்புத் தொட்டியை வாசலில் வைக்க வேண்டும், மறுவாரம் மறுசுழற்சிக்கான நீலத் தொட்டியை. எந்த வாரம் எது என்று யாருக்கும் நினைவில் நிற்பதில்லை. பெரில் பேருந்து ஓட்டிய ஆள், நேரம் தவறாதவர். எப்போதும் முதலில் வெளியே வருவது அவர் தொட்டிதான். அது என்ன நிறமோ, தெரு முழுக்க அதே நிறம். 'ஊரோடு ஒத்து வாழ்' என்று நமக்குச் சொல்லிவைத்தார்கள். அதை அப்படியே கடைப்பிடிப்பவர்கள் இவர்கள்தான்.

ஒரு தடவை வங்கி விடுமுறையால் வண்டி வரும் நாள் மாறிய குழப்பத்தில் கறுப்புக்குப் பதில் நீலத்தை வைத்துவிட்டார். தெருவே நீலமானது. வண்டி வந்தது, பார்த்தது, போய்விட்டது. இரண்டு வாரம் தெரு நாறியது. ஒரு வாய் திறந்து அவரைக் கேட்கவேண்டுமே! கிளைவ் மட்டும் மூக்கைத் தேய்த்தபடி, வெயில் கொஞ்சம் அதிகம்தான் என்றார்.

வெள்ளிக்கிழமை மாலை பெரில் என் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். தேநீர் ஆறி ஆடை படிந்திருந்தது.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினேன் கண்ணு. கை காட்டின இடத்துலல்லாம் நிறுத்தினேன். இன்னிக்கு நான் கதவத் தட்டினா ஒருத்தரும் திறக்க மாட்டேங்குறாங்க. இந்தத் தோட்டம் இல்லேன்னா வீட்ட வித்துட்டு மகன்கிட்ட போயிடுவேன். நாலு மனுஷங்க முகம் பாக்காம இங்க என்னால இருக்க முடியாது."

சிரிக்க வைக்கலாமே என்றுதான் வாயைத் திறந்தேன்.

"நீங்க கதவத் தட்டினா வரமாட்டாங்க. தொட்டிய உருட்டினா வருவாங்க."

பெரில் சிரிக்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார்.

சனிக்கிழமை காலை ஃபென்விக்கின் கார் தெருவுக்குள் திரும்பியதும், பெரில் கறுப்புத் தொட்டியோடு வெளியே வந்தார். குப்பை வண்டி புதன்கிழமையே வந்து போயாகிவிட்டது. அவரோ தேர் இழுப்பதுபோலத் தெரு நீளத்துக்கும் கடகடவென்று தொட்டியை இழுத்துப்போய் வெற்றிடத்தில் நிறுத்தினார். திரைகள் அசைந்தன. முதலில் மூன்றாவது வீட்டு ஃபோலசாடே ஒயெலாரன், இடுப்பில் குழந்தையும் கையில் தொட்டியுமாக வந்தாள். பின்னாலேயே எதிர்வீட்டு ஜோடி, தலைகூட வாராமல். அப்புறம் கதவுகள் வரிசையாகத் திறந்தன. கடைசியில் வீட்டு அங்கியும் செருப்புமாகக் கிளைவ். யாரும் சொல்லாமலே தொட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. பாதித் தெரு கேட்டார் ஃபென்விக். முழுத் தெருவும் நின்றது.

அவர் என்ன விஷயம் என்று கேட்டார். எல்லாரும் பெரிலைப் பார்த்தார்கள். அவர் முகம் பீட்ரூட்டாகிவிட்டது.

"இன்னிக்கு வண்டி வராது. நான் உங்கள ஏமாத்திட்டேன்," என்றார். "எனக்கு அவரைக்கொடி போட ஒரு இடம் வேணும். தனியா போடவும் பிடிக்கல. அவ்வளவுதான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யோசனை சொன்ன பாவி நான்தானே.

கிளைவ் தன் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை.

"புதன்கிழமையே வண்டி வந்து போச்சுன்னு எங்களுக்கும் தெரியும் பெரில்."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

"உங்க தொட்டி வெளிய நிக்குது. நாங்க மட்டும் உள்ள இருந்தா நல்லாவா இருக்கும்?" அங்கியின் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஃபென்விக் பக்கம் திரும்பினார். "அவரைக்காய் மட்டும் பத்தாது சார். தக்காளியும் வேணும்."

ஃபோலசாடே கைதட்டினாள். பெரில் அழுதுகொண்டே சிரித்தார். ஃபென்விக் ஆள் கணக்கு எடுக்கவே இல்லை.

அடுத்த கோடையில் அவரை காய்த்தது பாருங்கள், அப்படிக் காய்த்தது. ஒரு வாரம் ஆசையாய்த் தின்றோம், மறுவாரம் கடமைக்குத் தின்றோம். இப்போது ஆகஸ்டில் பெரில் பையோடு கதவைத் தட்டினால் மறுபடியும் தொலைக்காட்சிச் சத்தம் அடங்கிவிடுகிறது. அவருக்கு அதில் வருத்தமே இல்லை. புதன்கிழமை விடியற்காலையில் ஒவ்வொரு தொட்டியின் மேலும் ஒரு பை அவரைக்காயை வைத்துவிட்டுப் போகிறார்.