பெட்டியில் பதிவான பேச்சு

பெருமாட்டியில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்புக்கு ஒரு தமிழ்த் தொலைக்காட்சியிலிருந்து வேளாண்மை நிகழ்ச்சி எடுக்க வந்தார்கள். இளங்கன்றுகளைக் காண்டாமிருக வண்டு துளைக்காமல் காப்பது எப்படி என்பதுதான் விஷயம். கன்றுகளைப் பார்த்துக்கொள்பவள் நான் என்பதால் காலை முழுக்க என்னைத்தான் கேட்டார்கள். வேப்பம் புண்ணாக்கையும் மணலையும் கலந்து மட்டை இடுக்கில் போட்டுக் காட்டினேன். கிளம்பும் முன் என் கணவரிடமும் கொஞ்ச நேரம் பேசினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பாகும் என்றார்கள்.

அதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ள எனக்கு ஆசை. எங்கள் டிஷ் பெட்டியில் அந்த வசதி இல்லை. இருவரும் பக்கத்தில் இருக்கும் சித்தூரில் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் பதிவு பெட்டிக்குள்ளேயே தங்கும். இன்னொன்றில் பென்டிரைவ் செருக வேண்டும். உள்ளேயே தங்குவதைத்தான் அவர் திரும்பத் திரும்ப என் பக்கம் நகர்த்தினார். விலை அதிகமானதும் அதுதான். எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

“பெட்டி கெட்டுப்போனா உள்ள இருக்கறது என்னாகுமுங்க?”

“அதெல்லாம் கெடாதுங்க.”

“கெட்டுப்போனான்னுதானுங்க கேட்டேன்.”

அவர் என் கணவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

“அப்ப பென்டிரைவ் பெட்டியே எடுத்துக்கங்க. எந்த டிவியில வேணா போட்டுப் பாக்கலாம்.”

நான் விடவில்லை. ஓடிக்கொண்டிருந்த செய்தியைக் கொஞ்சம் பதிவு செய்யச் சொல்லி, பென்டிரைவை எடுத்துப் பக்கத்து டிவியில் செருகச் சொன்னேன். ஒன்றும் வரவில்லை.

“கம்பெனிக்காரங்க பூட்டி வெச்சிருக்காங்க. எதுல பதிஞ்சீங்களோ அந்தப் பெட்டியிலதான் ஓடுமுங்க” என்றார், குரலைத் தாழ்த்தி.

“இத முன்னாடியே சொல்றதுக்கென்னங்க?”

விலை குறைவு என்று அதையே வாங்கி வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பதிவு ஓடுகிறதா என்று பெட்டியின் சிவப்பு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் திரையில் என் கணவர். வண்டு எப்போது வரும், புண்ணாக்கு எவ்வளவு, எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. எனக்கு ஒரு வார்த்தைகூட இல்லை. என் கைகள் மட்டும் மணலைக் கலந்துகொண்டிருந்தன.

“நல்லா வந்திருக்குதல்ல?” என்றார் அவர்.

மத்தியானம் தனியாக உட்கார்ந்து அதை மறுபடி மறுபடி ஓட்டினேன். ஒவ்வொரு கேள்விக்கும் அவர் கண் ஓரமாகப் போய்த் திரும்பியது. அன்று கேமராவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது நான்தான். சத்தத்தைக் கூட்டினேன். அவர் பதில் சொல்லும் முன்னால் அடியில் என் குரல் கேட்டது: “மழைக்கு முன்னாலயே போடோணும்.”

அவரைக் கூப்பிட்டேன். “ஏனுங்க, எம் பேச்ச எடுத்துடச் சொன்னீங்களா?”

“நான் ஏம்புள்ள சொல்றேன்? நீங்களும் ஒருக்காச் சொல்லுங்கன்னாங்க, சொன்னேன். உன்னுத வெட்டுவாங்கன்னு எனக்கென்ன தெரியும்?”

அவர் முகத்தில் பொய் தெரியவில்லை. ஆனால் இளநீர் வெட்டித் தருகிறேன் என்று அவர்களைத் தோப்பின் அந்தக் கோடிக்கு அவர் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. அங்கே என்ன பேசினார்கள்?

நிகழ்ச்சியைப் பார்க்காத சொந்தக்காரர்கள் அனுப்பச் சொல்லிக் கேட்டார்கள். பூட்டி வைத்த பதிவை அனுப்ப வழியில்லை. ஒரு சாயங்காலம் நான் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுவிட்டு வந்தபோது, அவர் டிவி முன்னால் போனை நீட்டிப் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தார். பெருமையடிக்கத்தான் என்று நினைத்துக் கதவுக்கு வெளியிலேயே நின்றேன். நிகழ்ச்சி முடிந்ததும் போனைப் பார்த்துச் சொன்னார்: “பேசறதுதான் நானுங்க. சொன்னதெல்லாம் எங்கூட்டுக்காரிதானுங்க. உத்துக் கேட்டா அவ கொரலு கேக்கும்.”

அதைத்தான் எல்லாருக்கும் அனுப்பினார். கோயமுத்தூரிலிருந்து நாத்தனார் போன் செய்து, புண்ணாக்கு அளவை என்னிடம்தான் கேட்டாள். மனசு குளிர்ந்துதான் போனது. ஆனாலும், வாசலில் நான் செருப்பைக் கழற்றிய சத்தம் கேட்டுத்தான் அவர் அப்படிச் சொன்னாரோ என்று இன்னும் தோன்றுகிறது. அவரிடம் நான் கேட்கவில்லை.