வேணாம், பேடா, வத்து

ஓசூரில் நான் வேலை பார்க்கும் தொழிற்சாலையின் பேருந்துகளுக்கான கணினிப் புரோகிராமை எழுதியவர் எங்கள் பிரிவின் மூத்த அண்ணன். எந்த ஷிப்டுக்கு யார், எந்த நிறுத்தத்தில் ஏறுவார் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பக்கவாதம் வந்து அவர் படுத்தபின், அதைப் புதிதாக எழுதும் வேலை எனக்கு வந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். புரியவில்லை என்று சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

திறந்து பார்த்தால் சிரிப்புத்தான். 'இன்று எனக்குப் பேருந்து வேண்டாம்' என்பதற்கு மூன்று பெயர்கள்: வேணாம், பேடா, வத்து. தமிழ், கன்னடம், தெலுங்கு என்று யார் எந்த மொழியில் வந்து கேட்டார்களோ, அந்த மொழியிலேயே ஒன்றைச் சேர்த்திருக்கிறார். ஒருவருக்கு இரண்டு மொழியில் 'வேண்டாம்' பதிவாகிவிட்டால், ஒன்றை ஒன்று அடித்து 'வேண்டும்' என்றாகிவிடும். பாகலூரில் விடுப்பிலிருந்த பெண்ணின் வீட்டு முன் பேருந்து நின்று ஹாரன் அடித்ததாக எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை அப்போதுதான் எனக்கு விளங்கியது. கீழே ஒரு குறிப்பு: 'இங்க கை வெக்காதீங்க. எனக்கே பயமா இருக்கு.'

பக்கத்து இருக்கை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "இது புரோகிராமா, வாரச் சந்தையாடி?" என்று கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்கக் காவேரிப்பட்டினம் போனேன். சிரிக்கட்டுமே என்று இதையே சொன்னேன். வாயின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. "உனக்கு... வெளங்காது பாப்பா," என்றார்.

அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். "இவரு இல்லாம அது ஓடாதாம்ல? அதனால வேலைய விட்டு எடுக்க மாட்டாங்கன்னு தைரியமா இருக்காரும்மா."

அந்தப் புரோகிராம் எனக்கு அப்போதே பாதிக்குமேல் விளங்கியிருந்தது. மோரைக் குடித்துவிட்டு வந்தேன்.

எழுதி முடித்தேன். பேருந்துகள் சரியாக ஓடின. மேலாளரிடம், "அண்ணன் திரும்பி வந்து பாத்துக்கிட்டா நல்லாருக்கும் சார். அவருக்குத்தான் எல்லாம் தெரியும்," என்றேன்.

"அதான் நீ இருக்கியேம்மா," என்றார். பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்று மாலை அண்ணனுக்கு நானே போன் செய்தேன்.

"ஓடுதா?"

"ஓடுதுண்ணா."

"மூணையும்... எடுத்துட்டியா?"

"ஒண்ணாக்கிட்டேண்ணா."

"கெட்டிக்காரி," என்றார். வேறு யார் சொல்லியிருந்தாலும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லிக் குதித்திருப்பேன்.

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் தெளிவாகக் கேட்டது: "எப்ப வேலைக்கு வரச் சொல்றாங்களாம்?"