சரளா கொண்டுவந்த உப்புநீர்

வியாழக்கிழமை காலை சரளாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. கிளினிக்கின் கடல்மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றும் நாள் என்பதால், "கிளினிக் திறந்துதான் இருக்கு, வாங்க" என்றேன். பேசியது அவர் மகள்.

"அம்மா முந்தாநேத்து தவறிட்டாங்க மேடம். நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிடுச்சு. போன்ல கீற எல்லாருக்கும் சொல்லிக்கினு வரேன்."

மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை கடல்மீன் வளர்ப்பவர்கள் பலருக்கு அவரைத் தெரியும். தி. நகரில் பல் மருத்துவம் பார்க்கும் எனக்கு ஆறு ஆண்டுப் பழக்கம். ஆற்றங்கரைக் குடிசையிலிருந்து பெரும்பாக்கம் அரசுக் குடியிருப்புக்கு மாற்றப்பட்ட குடும்பம் அவருடையது. வீட்டில் ஆர்.ஓ. இயந்திரத்தில் வடிகட்டிய தண்ணீரில் கடலுப்பைக் கரைத்து, ஒரு நாள் முழுக்கக் காற்றுக்குழாய் போட்டு வைத்து, கேன்களில் அடைத்து ஸ்கூட்டரில் கொண்டுவருவார். குழாய்த் தண்ணீரே போதாதா என்று தொடக்கத்தில் கேட்டேன். "மீனு மூச்சு வுடறதே இதுலதான் மேடம்" என்றார்.

ஒரு கோடையில் தொட்டி நீரின் பிஎச் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. எட்டுக்கு மேல் இருக்க வேண்டியது, கீழே போய்விட்டது. ஏற்றுவதற்குக் கடையில் பொடி கிடைக்குமே என்றேன். அவர் ஒரு வாளித் தொட்டி நீரை மொட்டைமாடிக்குத் தூக்கிப் போய், பேட்டரி பம்பால் ஒரு மணி நேரம் காற்றடித்தார். அளவு தானாக ஏறியது.

"தண்ணி மேல தப்பில்ல. ஏசியப் போட்டு ஜன்னல மூடிக்கினு எத்தினி பேரு மூச்சு வுடறீங்க? அந்தக் காத்துதான் தண்ணில எறங்குது."

அன்றிலிருந்து வரவேற்பறை ஜன்னல் ஒன்று திறந்தே இருக்கிறது.

சென்ற ஆண்டு தொட்டியிலிருந்த இரண்டு இறால்கள் செத்துக் கிடந்தன. முந்தைய நாள் வெகுநேரம் மின்சாரம் இல்லை. அதுதான் காரணம் என்று நானே சொன்னேன். சரளா தலையசைத்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அவர் வீட்டுக்குப் போய் ஆர்.ஓ. தண்ணீரைச் சோதித்துவிட்டு மாலையில் திரும்பி வந்தார்.

"கரன்ட்டு போனதால இல்ல மேடம். ஃபில்டரு வீணாப் போயிருக்கு. தண்ணில கலந்தத அளக்கற மீட்டருல முட்டை காட்டணும், நூறைத் தாண்டிக் காட்டுது. நான் பாக்காம கலக்கிட்டேன். என் தப்பு."

தொட்டி நீரில் பாதியை மாற்றத் தொடங்கினார்.

அதற்கு ஒரு மாதம் முன்பு, வேர் சிகிச்சை செய்யும்போது, பல்வேரின் உள்ளே சுரண்டும் மெல்லிய ஊசியின் நுனி முறிந்து ஒருவரின் பல்லுக்குள்ளேயே தங்கிவிட்டது. ஆதம்பாக்கத்துக்காரர். வலி இல்லை என்று அவர் சொன்னதால் நான் அதைச் சொல்லாமல் விட்டிருந்தேன். அன்று மாலை சரளா கிளம்பியதும் அந்த நோயாளியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே டாக்டர்" என்றார். பிறகு வேறு மருத்துவரிடம் போய்விட்டார். அவர் கோபம் நியாயமானது.

சரளாவிடம் இதை நான் சொன்னதில்லை. அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது, சாக்கு எதையும் சேர்க்காமல் தவற்றை ஒப்புக்கொள்ளும் பழக்கம். அதன்பின் இரண்டு முறை அதற்குத் தேவை வந்தது. இரண்டு முறையும், நோயாளி நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.