இரண்டாவது காம்போ

பிளாஸ்டிக் உறைக்கு மேலாகவே கட்டைவிரலால் சாண்ட்விச்சின் முதுகை அழுத்திப் பார்க்கிறார் தையல்காரம்மா. திருப்தியில்லை. வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கிறார். சூப்பர் மார்க்கெட்டின் குளிர்ப்பெட்டி முன்னால் நிற்கும் மதியக் கூட்டம் முணுமுணுக்கிறது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. "வெட்டின பக்கம் மட்டும் முட்டையை அடைச்சு வச்சிருக்கான். பின்னாடி பாரு, வெறும் ரொட்டி. நான் இப்படித் தைச்சுக் குடுத்தா சும்மா விடுவாங்களா?"

மதியக் காம்போ என்று அதற்குப் பெயர். ஒரு சாண்ட்விச், ஒரு ஜூஸ், ஒரு சிப்ஸ், மூன்றும் சேர்த்து ஒரே விலை. அந்த விலைதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. அது ஏறிய கையோடு சிப்ஸ் பாக்கெட் இளைத்துவிடும். "காத்துக்கும் சேர்த்துக் காசு வாங்குறான்" என்று சிரித்துக்கொண்டே திட்டுவார்.

வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில், படிக்கட்டுக்கு அடியில் அவருடைய கடை. ஒரு மெஷின், ஒரு மேசை, ஒரு ஸ்டூல். பேன்ட் நீளம் குறைப்பதும் ஜிப் மாற்றுவதும் தொழில். குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டே பேசுவார், பயமெல்லாம் கேட்கிறவர்களுக்குத்தான்.

சாப்பாட்டுக்குத் துணை, எதிரே பார்சல் கவுன்ட்டரில் வேலை பார்க்கும் பெண். பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். ஆளுக்கொரு காம்போ வாங்கிவந்து, கடை வாசலில் உட்கார்ந்து, வளாகத்துக்கு வந்து போகிற எல்லார் கதையையும் பேசித் தீர்ப்பார்கள்.

போன முறை விலை ஏறியதிலிருந்து அவள் தண்ணீர் பாட்டிலோடு மட்டும் வரத் தொடங்கினாள். "காலையில லேட்டாத்தான் சாப்பிட்டேன்க்கா, பசியே இல்ல." தையல்காரம்மா நம்பினார். நம்பியது மட்டுமா, கேலி வேறு செய்தார். "இளைச்சு அழகாகப் பாக்குறியா? சட்டையைப் பிடிச்சுக் குடுக்க நான் இருக்கேன், ஆனா கூலி டபுள்." சொல்லிக்கொண்டே அவள் கண்ணெதிரில் தன் சாண்ட்விச்சை முழுதாகத் தின்று முடித்தார். அதை இப்போது நினைத்தால் தன் தலையில் தானே குட்டிக்கொள்கிறார்.

ஒரு நாள் அவள் நிஜமாகவே யூனிஃபார்ம் சட்டையைக் கொண்டுவந்தாள். தொளதொளவென்று தொங்குகிறது என்று சூப்பர்வைசர் திட்டினாராம். அவள் இடுப்பில் அளவு நாடாவைச் சுற்றியபோதுதான் தையல்காரம்மாவுக்கு விஷயம் விளங்கியது. அன்றைக்கு அளவை மட்டும் குறித்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் இரண்டு காம்போ வாங்கி வந்து, செக்யூரிட்டியும் பக்கத்துக் கடைக்காரரும் பார்த்துக்கொண்டிருக்க, ஒன்றை அவள் மடியில் வைத்தார். "பிள்ளைங்களுக்குப் போட்டுட்டு நீ பட்டினி கிடக்குறது எனக்குத் தெரியாதா? சாப்பிடுடி, அக்கா காசு!"

பாசத்தில் சொன்னதுதான். குரல்தான் கொஞ்சம் பெரிதாக இருந்துவிட்டது. அவள் தலை நிமிராமல் கடைசித் துணுக்கு வரை தின்றாள். காலி உறையை மடித்தாள். "ரொம்ப தேங்க்ஸ்க்கா" என்று எழுந்து போனாள்.

அதன் பிறகு அவளுடைய சாப்பாட்டு நேரம் மாறிவிட்டது. கவுன்ட்டரில் ஆள் பற்றாக்குறையாம். தையல்காரம்மா தனியாகத் தின்கிறார். "என் வாய்க்குத்தான் பூட்டுப் போடணும்" என்று மெஷினிடம் சொல்லிக்கொள்கிறார். பிடித்துத் தைத்த சட்டை, வாங்க ஆளில்லாமல் ஹேங்கரில் தொங்கிக்கொண்டிருந்தது.

நேற்று மதியம் அதை வாங்க அவள் வந்தாள். தையல்காரம்மா அப்போதுதான் ஒரு கடி கடித்திருந்தார். காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர், கையிலிருந்த சாண்ட்விச்சைச் சட்டென்று மேசைமேல் கிடந்த யாரோ ஒருவருடைய வெள்ளைப் பேன்ட்டுக்கு அடியில் செருகினார். வாயில் இருந்ததை மெல்லாமலே விழுங்கினார்.

"சாப்பிட்டீங்களாக்கா?"

"எங்கடி, இன்னும் கடைக்கே போகல."

வெள்ளைத் துணியில் சாஸ் சிவப்பாக ஊறிப் பரவியது. தையல்காரம்மா அதன்மேல் உள்ளங்கையை அகல விரித்து வைத்துக்கொண்டு, மறு கையால் சட்டையை எடுத்து நீட்டினார்.