வண்டியில் ஏறாத ஜெயமேரி

காலையில் நடந்துவிட்டு வருகிற ஜெயமேரியின் காலில் தூசியே இருக்காது. அதைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் சந்தேகம் வந்தது.

அவள் வீட்டுக்கு அடுத்த வீடு என்னுடையது. வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருக்கிறேன். அதனால் தெருவில் யார் போனாலும் வந்தாலும் என் கண்ணுக்குத் தப்ப முடியாது. ஜெயமேரிக்கு விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் வேலை. அச்சில் வார்த்து, சூளையில் சுட்டு வருகிற பொம்மைகளுக்குக் கண் எழுதுவாள். கொலுவுக்குப் போகிற பிள்ளையார் கண்ணைத் திறப்பதும் அவள்தான், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போகிற குழந்தை ஏசு கண்ணைத் திறப்பதும் அவள்தான்.

போன வருடம் அவளுடைய கண்ணே மங்கிப்போனது. ஒரு பிள்ளையாருக்கு ஒரு கண் மேலேயும் ஒரு கண் கீழேயும் போனபோது, மேஸ்திரி திட்டாமல் கொள்ளாமல் அவளைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார். பொம்மையை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் அடுக்குகிற வேலை. அன்றைக்குச் சாயங்காலம் கடைக்கு வந்து உட்கார்ந்தவள், வைத்த இட்லியைத் தொடவே இல்லை.

"வேற யாரோ வந்து கண்ணு எழுதுறாங்க பாஞ்சாலை. நான் அதைச் சுத்திப் பொட்டியில வெக்கிறேன்" என்றாள்.

கண் டாக்டர் பார்த்துவிட்டு, புரைதான், ஆப்பரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்றார். ஆனால் சர்க்கரை இறங்காமல் கத்தி வைக்க மாட்டாராம். "மாத்திரை மட்டும் போதாதும்மா. காலையில வெளிய காத்தாட நடங்க. ஈஸ்டர் முடிஞ்சு வாங்க, பார்ப்போம்" என்று அனுப்பிவிட்டார். அப்போது மாசி பிறந்திருந்தது. பனி விலகி, வெயில் இன்னும் சுடத் தொடங்காத நாட்கள். நடப்பதற்கு அதைவிட நல்ல காலம் கிடைக்காது.

தினமும் கிளம்பினாள். மாசி பாதி போனபிறகு ரத்தம் கொடுத்துப் பார்த்தால், சர்க்கரை இருந்த இடத்திலேயே இருக்கிறது.

"நெசமா நடக்குறியாடி?"

"நடக்கத்தான் போறேன்."

"அப்ப கால்ல தூசி எங்க?"

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள். தெருமுனை தாண்டுவதற்குள் பால்காரர் நடராசன் வண்டியை நிறுத்துவாராம். "எங்கக்கா போற? ஏறு." "சும்மா நடக்கப் போறேன்." "அதான், நடந்து எங்க போற? ஏறு, வுட்டுட்டுப் போறேன்." எங்கேயும் இல்லாத இடத்துக்கு ஒரு பொம்பளை நடந்து போவாள் என்று எங்கள் ஊரில் யாருக்கும் தோன்றாது. இறங்கித் திரும்பி நடந்தால் எதிரே இன்னொரு வண்டி. ஒருநாள் தெரிந்த பையன் ஒருவன் கம்மாபுரம் வரைக்கும் கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறான். பஸ் பிடித்துத் திரும்பி வந்திருக்கிறாள்.

"வேணாம்னு சொன்னா மொகம் வாடிப்போவுது பாஞ்சாலை. பாசமா கேக்குறாங்க."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அவங்க பாசத்துக்கு நீ கண்ணைக் குடுக்கப்போறியா?"

ராத்திரி மாவு ஆட்டும்போது யோசித்தேன். வேண்டுதல் என்று நடக்கிறவரை எங்கள் ஊரில் ஒருவரும் வண்டியில் ஏற்ற மாட்டார்கள். காவடி எடுக்கிறவராக இருந்தாலும் சரி, தவக்காலத்தில் கோயிலுக்கு நடக்கிற கிறிஸ்தவராக இருந்தாலும் சரி. ஏற்றினால் வேண்டுதலைக் கெடுத்த பாவம் வந்து சேரும். காலையில் ஜெயமேரியிடம் இதைச் சொன்னேன்.

"தவக்காலத்துல பொய் சொல்லச் சொல்றியா?"

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வாய மூடிக்கிட்டு நட. நான் சொல்லிக்கிறேன்."

இட்லிக் கடையில் ஒரு சேதி சொன்னால் மைக் செட் எதற்கு? மறுநாளே ஒரு வண்டியும் நிற்கவில்லை. நடராசன்கூட வேகத்தைக் குறைத்து, ஒரு கையால் கும்பிடு போட்டுவிட்டுப் போனாராம்.

ஆனால் எங்கள் ஊர்ச் சனங்களை நான் முழுசாக எண்ணிப் பார்க்கவில்லை. வேண்டுதல்காரி வெறும் வயிற்றோடு நடக்கலாமா? வழிநெடுக வாசலில் சொம்போடு நின்றுவிட்டார்கள். வெல்லம் கரைத்த பானகம், சர்க்கரை போட்ட எலுமிச்சைச் சாறு. வேண்டுதலில் இருக்கிறவள் கொடுத்ததை மறுக்கவும் கூடாது. இவளும் குடித்துக் குடித்து வந்திருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் நின்று இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னேன்: "அது இனிப்பு சேக்காத வேண்டுதல்." அதற்குப் பிறகு எல்லா வாசலிலும் நீர்மோர் வந்தது.

பொய் அவளைத்தான் உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து வந்தவள், "நெசமாவே வேண்டிக்கிட்டேன். இனிமே அது பொய் இல்ல" என்றாள். என்ன வேண்டுதல் என்று எப்படி எப்படியோ கேட்டுப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை.

பங்குனியில் அவள் நடையே மாறிவிட்டது. கடமைக்குக் கிளம்பியவள், கோழி கூவினதும் தானாக எழுந்து ஓடினாள். கருவேப்பிலங்குறிச்சி சாலையில் வேம்பு பூத்திருக்கிற வாசனையைச் சொல்வாள். வயல்காட்டுக் காற்று நெஞ்சுவரை இறங்குகிறது என்பாள். "இத்தினி வருசமா கம்பெனிக்குள்ள மண்ணுத் தூசியத்தான மூச்சா வுட்டுக்கிட்டு இருந்தேன்" என்பாள். படுத்தால் தூக்கம் வருகிறதாம், பசி நேரத்துக்குப் பசிக்கிறதாம். ஒருநாள் மட்டும் முகம் சுருங்கி வந்தாள்.

"எள்ளுக் கொல்லை பூத்திருக்குதுன்னு சொல்றாங்க. எனக்குப் பொகையாத்தான் தெரியுது."

காலில் தூசியோடு வந்தாளே, அதுவே போதும் என்று சொம்புத் தண்ணீரை நீட்டினேன்.

ஈஸ்டர் முடிந்து டாக்டரிடம் போனோம். ரத்தச் சோதனைச் சீட்டைப் பார்த்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். சர்க்கரை இறங்கியிருந்தது. அந்த வாரமே ஆப்பரேஷன் முடிந்தது.

கட்டுப் பிரித்து வந்த அன்று, தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என் கடைக்கு வந்தாள். என் முகத்தை உற்றுப் பார்த்தாள். கிழவியாகிவிட்டாய் என்று சொல்லப்போகிறாள் என நினைத்தேன். அவள் பார்வை கீழே போய் நின்றது.

"ஏண்டி, காலு எத்தினி நாளா இப்பிடி வீங்கியிருக்குது?"

புடவையை இழுத்து மறைத்தேன். "அடுப்படியில நின்னா வீங்கத்தான் செய்யும்."

"என் கண்ணுல பொகை இருந்த வரைக்கும் உனக்குச் சௌகரியமா இருந்திருக்குது" என்றாள். கால் வீங்குவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கேட்டதும் யாருமில்லை.

மறுநாளே என்னை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பெரிய வியாதி ஒன்றும் இல்லை, ஒரே இடத்தில் நிற்பதால் வருவது, நடந்தால் வடியும் என்றார். இப்போது அவள் மறுபடி பிள்ளையாருக்குக் கண் எழுதுகிறாள். காலையில், முதல் ஈடு இட்லியை வேகவைத்து மருமகளிடம் கடையை விட்டுவிட்டு, நானும் அவளோடு கிளம்புகிறேன்.

முதல் நாளே நடராசன் பக்கத்தில் வந்து வண்டியை நிறுத்தினார். "வேண்டுதல் மேரியக்காவுக்குத்தான? நீ ஏறுக்கா." கால் விண்விண் என்று தெறித்தது. ஏறிவிடலாம் என்றுதான் பார்த்தேன்.

ஜெயமேரி என் கையைப் பிடித்தாள். "அவளும் வேண்டுதல்லதான் இருக்கா."

"நான் எப்ப வேண்டிக்கிட்டேன்?"

"நீ எங்க வேண்டிக்கிட்ட? நான்தான் வேண்டிக்கிட்டேன். கண்ணு வந்தா, எனக்காகப் பொய் சொன்னவளையும் கூட்டிக்கிட்டு நடக்குறேன்னு."

நடராசன் ஒரு கையால் எங்கள் இருவருக்கும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார். வண்டி கண்ணுக்கு மறைகிறவரை பார்த்தேன். பிறகு நடந்தேன்.