பாபநாசம் வரை ஒன்பது முறை நடுங்கிய ஸ்டீயரிங்

அன்று காலை எழுந்ததும் ஈரத்துணியோடு போய் எங்கள் பழைய காரின் இடப்பக்கத்தைத் துடைத்தேன். வாசல் தூணின் சுண்ணாம்பு மறுபடியும் ஒட்டியிருந்தது. மூன்று மாதமாக, என் கணவர் சாமுவேல் பார்ப்பதற்குள் துடைத்துவிடுகிறேன். அவர் ஓட்டுவதைக் குறைசொன்னால் இரண்டு நாளைக்குப் பேச்சு இருக்காது.

பழைய காருக்குப் பதினோரு வயது. அதே செடான் இப்போது முழுக்க மாறி வந்திருக்கிறது: கூரை தாழ்ந்து, நீளம் கூடி, டர்போ என்ஜினோடு. ஆன்ரோடு விலை பத்தொன்பது லட்சம். பாபநாசம் வரை ஓட்டிப் பார்க்க, ஷோரூமில் சனிக்கிழமை அரைநாள் தந்தார்கள்.

வண்ணாரப்பேட்டை ஷோரூமிலிருந்து 9.10க்குக் கிளம்பினோம். பானட்டில் கைவைத்து ஜெபித்த பிறகே அவர் சாவியைத் திருப்புவார். இதில் சாவி கிடையாது, பொத்தான்தான். "எங்கன திருப்ப?" என்றார். பின்னிருக்கையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்த விற்பனையாளர் இஸ்மாயில் சிரித்தார்.

பேட்டை தாண்டியதும் மிதித்தார். அம்மாடி, என்ன இழுவை! குலுக்கலும் இல்லை. ஆனால் சேரன்மகாதேவிக்குள் இரண்டு வேகத்தடையில் அடி உரசியது. அதற்கு முன்பே ஸ்டீயரிங் நடுங்கத் தொடங்கியிருந்தது.

"பைய அண்ணாச்சி, இடப்பக்கக் கோட்டைத் தாண்டுதிய. அதான் கார் எச்சரிக்கை பண்ணுது" என்றார் இஸ்மாயில்.

"ரோட்டுல கோடே ஒழுங்கா இல்ல. மிஷினுக்கு என்னவே தெரியும்?"

எண்ணிக்கொண்டே வந்தேன். ஒன்பது முறை. ஒன்பதும் இடப்பக்கம்.

கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு மொபெட் வந்தது. பின்னால் வாழையிலைக் கட்டு. எனக்குத் தெரிந்தது, இஸ்மாயில் கத்தினார். இவர் கால் பிரேக்குக்குப் போகவே இல்லை. கார் தானாக நின்றது.

"திடீர்னு வந்துட்டீரே!" என்றார் இவர், கண்ணாடியை இறக்கி.

"எங்கன திடீர்னு? தூரத்துலயே கைய காட்டிட்டுதான வாரேன். யானை வந்தாலாவது தெரியுமாவே?"

இவர் கண்ணாடியை ஏற்றினார். இவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை நோய். கண்ணைச் சோதிக்க ஒருமுறைகூடப் போனதில்லை. தினமும் மாலையில் எங்கள் மகளை இவர்தான் டியூஷனுக்குக் கூட்டிப்போகிறார். அவள் உட்காருவது இடப்பக்கம், முன்னிருக்கையில்.

10.35க்குப் பாபநாசம், சரியாக ஐம்பது கிலோமீட்டர். ஆற்றில் முகம் கழுவிவிட்டு வந்தவர், "கை வலிக்கு. நீ ஓட்டு" என்றார். இருபது வருடத்தில் முதல்முறை. திரும்பும்போது அதே சாலையில் ஸ்டீயரிங் ஒருமுறைகூட நடுங்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு: லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கிடைத்தது. முட்டிவலிக்காரர்களுக்குப் பின்னிருக்கை ஆகாது. நான்கு பேரோடு வேகத்தடையில் ஏற்றிப் பார்க்காமல் முன்பணம் கட்டாதீர்கள். வீட்டில் ஓட்டத் தெரிந்த எல்லோரும் ஒரே சாலையில் ஓட்டிப் பாருங்கள். கார் நம்மையும் சோதித்துவிடுகிறது.

ஷோரூமிலிருந்து பழைய காரை அவர்தான் ஓட்டிவந்தார். வாசலில் தூண் உரசும் சத்தம் கேட்டது. இம்முறை சுண்ணாம்பைத் துடைக்கப்போவதில்லை. திங்கட்கிழமை காலை அவர் கையைப் பிடித்து அந்தச் சுண்ணாம்பின் மேல் வைத்துக் காட்டிவிட்டு, கண் மருத்துவரிடம் நானே கார் ஓட்டிக் கூட்டிப்போவேன். அதுவரை சாவி என் கைப்பையில் இருக்கும். வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை.